ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் ஏன்?

கேள்வி: நாகர்கோவில் வாசகர், 16 ஏப்ரல் 2025

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்று எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டது. இன்று காலை வடசேரி சந்தைக்குப் போனால் "குளச்சல் போட் மீன், இப்ப வந்தது" என்று கூவி விற்கிறார்கள். தடை இருக்கிறதா, இல்லையா? எல்லாம் பேருக்குத்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

16 ஏப்ரல், இரவு

குளச்சல் பக்கம் ஏலத்தரையில் கணக்கு எழுதுகிறவன் நான். உங்களுக்கு விற்றது சட்டப்படி பிடித்த மீன்தான்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இது சின்னமுட்டம் துறைமுகத்துப் படகுகளுக்கு. மேற்குக் கடற்கரைக்கான தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் படகுகளுக்கு. இரண்டும் 61 நாள். இன்றைக்குச் சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கின்றன, குளச்சலில் ஓடுகின்றன. ஜூன் முதல் இரண்டு வாரம் நான்கு இடத்திலும் விசைப்படகு எதுவும் ஓடாது. மீன் வாங்குகிறவர்கள் அந்த நாட்களை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம்.

17 ஏப்ரல்

"அது ஏன் அப்படி?" என்று அவரே திரும்பக் கேட்டிருக்கிறார்.

காரணம் மழையும் மீனின் முட்டைப் பருவமும். மேற்கே தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது கடல் புரண்டு, அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் சத்தோடு மேலே வரும். சாளை (மத்தி) போன்ற மீன்கள் முட்டையிடுவதும் குஞ்சுகள் தீனி எடுப்பதும் அதை ஒட்டித்தான். கிழக்கே அந்தப் பருவம் முன்கூட்டியே வந்துவிடும் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு. அதனால் இந்தியா முழுவதற்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு தேதி வைத்தார்கள். இரண்டு கரையும் சேருகிற முனை கன்னியாகுமரி. கோடு நம் மாவட்டத்தின் நடுவில் விழுந்தது அப்படித்தான்.

தமிழ்நாட்டில் 2001ல் தடை வந்தபோது 45 நாள்தான். 61 ஆனது பிற்பாடு. கேரளம் நமக்கு வெகு முன்பே, 1988லேயே, மழைக்கால இழுவைமடித் தடையைக் கொண்டுவந்துவிட்டது. இழுவைமடி என்பது கடலடியைச் சுரண்டிக்கொண்டு படகு இழுத்துப் போகும் வலை. அதையொட்டி பாபு பால் குழு, கலாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று அரசு போட்ட மூன்று குழுக்கள் உட்கார்ந்தன. அங்கே சிறு மீனவர்கள் பல வருஷம் தெருவில் நின்று கேட்டு வாங்கிய தடை அது. நமக்கு அது மேலிருந்து உத்தரவாக வந்தது. ஒரே மாதிரித் தடைதான், ஆனாலும் அங்கே மீனவன் அதைத் தன்னுடையது என்கிறான். இங்கே "கவர்மெண்ட் போட்ட தடை" என்கிறோம்.

சில வருஷம் முன்பு ஒரு கலந்தாய்வுக் கூட்டத்தில் முட்டம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதிகாரியிடம் கேட்டார்: "சார், அந்தக் கோடு எந்தப் பாறைக்கு நேரா வருதுன்னு காட்டித் தாங்க, நாங்க நங்கூரம் போட்டு வச்சுக்கிடுறோம்." கூடம் முழுக்கச் சிரித்தது, அதிகாரியும் சிரித்துவிட்டார். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

18 ஏப்ரல்

தடைக்காலத்தில் யாருமே கடலுக்குப் போகக்கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் தடை விசைப்படகுகளுக்கு. கட்டுமரமும் வள்ளமும் ஃபைபர் படகும் போகும். உங்கள் சந்தைக்கு ஜூன் மாதம் வருகிற நெத்திலியும் சாளையும் அவர்கள் கொண்டுவருவதுதான். அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு நல்ல விலை.

21 ஏப்ரல்

இதன் அடிவேர் தெரியாமல் தேதியைப் பற்றி மட்டும் பேசிப் பயன் இல்லை.

என் அப்பா கட்டுமரத்துக்காரர். இரவு வலை விட்டுவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். இழுவைமடிப் படகு ஒன்று விளக்கை அணைத்துக்கொண்டு குறுக்கே போகும். விடிந்து இழுத்தால் வலையில் பாதிதான் வரும். அம்மாவும் அப்பாவும் முற்றத்தில் அந்தக் கிழிந்த வலையை விரித்துப்போட்டு எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். நாங்கள் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். ஒரு வலை போனால் வீட்டில் ஒரு நகை போகும். எங்கள் ஊரில் மட்டும் நடந்தது அல்ல இது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுக் கரை நெடுக இதுதான் சண்டை. படகு எரிந்தது, ஆள் செத்தது எல்லாம் உண்டு.

அதன் விளைவுதான் 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரிய மீனவருக்கு. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும். சட்டம் வந்தது மீனைக் காப்பாற்ற என்பதைவிட, மனுஷன் மனுஷனை வெட்டாமல் இருக்க என்று சொல்வதுதான் பொருத்தம். மீனைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் மெல்ல உள்ளே வந்தது.

அப்படி ஒரு எல்லை இன்றும் எழுத்தில் இருக்கிறது. யார் போய் அளக்கிறார்கள்?

2 மே

தடைக்கால நிவாரணம் பற்றிக் கேட்டவருக்கு: இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். அதுபோக சேமிப்பு நிவாரணத் திட்டம் தனி. அதில் மீனவர் தன் கையிலிருந்து 1,500 கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும்.

தொகை போதுமா என்பதைவிட யாருக்குப் போகிறது என்பது எனக்குப் பெரிய கேள்வி. குளச்சல் படகுகளில் இன்று ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய வேலை செய்கிறார்கள். தடை தொடங்கினால் அவர்கள் ரயில் ஏறிப் போய்விடுவார்கள், அவர்களுக்கு எதுவும் கிடையாது. ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் கொண்டுபோய் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். படகு நின்றால் அவர்கள் வியாபாரமும் நிற்கும். ஐஸ் உடைக்கிறவர், பெட்டி சுமக்கிறவர், வலை பின்னுகிறவர் எல்லோர் நிலையும் இதுதான். தடை அத்தனை பேர் வயிற்றிலும் விழுகிறது, நிவாரணம் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு மட்டும்.

எங்கள் ஏலத்தரையில் ஒரு அக்கா உண்டு. விதவை, நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே மீன் எடுக்கிறார். ஜூன் மாதம் வந்தால் கந்துவட்டிக்காரர் தானாகவே அவர் வீட்டுக்கு வந்து நிற்பார், கூப்பிட வேண்டியதே இல்லை. ஆகஸ்டில் முதல் இரண்டு வாரம் அவர் விற்பதெல்லாம் அந்த வட்டிக்கே சரியாகிவிடும். மீன் வளத்தைக் காக்கிற செலவை இப்படிப்பட்டவர்கள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

20 மே

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

தடைக்காலம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் தேதி போடுவதுதான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. காலண்டரைப் பார்த்தால் போதும், துறைமுக வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றால் போதும். மீதிப் பத்து மாதம் வலைக்கண் என்ன அளவு, ஏலத்துக்கு என்ன மீன் வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

போன வாரம் நடந்தது. ஒரு படகிலிருந்து பெட்டி பெட்டியாகக் கிளிமீன் இறங்கியது. ஒரு பெட்டியில் கையை விட்டு அள்ளினேன். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்கூட இல்லை. கண் மட்டும் பெரிதாக இருந்தது, செதில் இன்னும் கெட்டியாகவில்லை, அழுத்தினால் வயிறு குழைகிறது. வீட்டுக்கு வாங்க யாரும் வரவில்லை. மீன்தூள் கம்பெனி லாரி பின்பக்கமாக வந்து நின்றது. எடை போட்டு, மண்வெட்டியால் அள்ளி ஏற்றினார்கள். கிலோவுக்குக் கிடைத்த விலையில் ஒரு டீ குடிக்கலாம், வடை வாங்க முடியாது. அந்த மீன் ஆறு மாதம் கழித்துக் கிடைத்திருந்தால் அதே பெட்டி என்ன விலைக்குப் போகும் என்று பக்கத்தில் நின்ற டிரைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படகு முதலாளிக்கும் தெரியும்.

கேரளத்தில் இதற்குக் குறைந்தபட்ச நீளம் என்று சட்டமே இருக்கிறது. 2015லிருந்து. சாளை 10 சென்டிமீட்டர், அயிலை 14, கிளிமீன் 12. அதற்குக் கீழே இருந்தால் பிடித்து அபராதம் போடுகிறார்கள், மீனைக் கடலில் கொட்டச் சொல்கிறார்கள். இழுவைமடியின் கடைசிப் பையில் வலைக்கண் சதுரமாக, 35 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. சாய்சதுரமான வைரக்கண் இழுத்தால் மூடிக்கொள்ளும், சதுரக்கண் திறந்தே இருக்கும். சிறுசுகள் நழுவிப் போய்விடும். ஒரே படகு கொல்லத்தில் இறக்கினால் பயப்படுகிறது, நம் கரையில் இறக்கினால் பயப்பட ஒன்றும் இல்லை.

21 மே

"படகு முதலாளிகள் பேராசை பிடித்தவர்கள், அவ்வளவுதான்" என்று ஒருவர் முடித்துவிட்டார். அவ்வளவு லேசாக முடிக்க முடியாது. ஒரு பயணத்துக்கு டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கடனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தரகரிடம் முன்பணம் வாங்கியாயிற்று. நல்ல மீன் படவில்லை என்றால் டீசல் காசுக்காவது எதையாவது நிரப்பிக்கொண்டுதான் திரும்பியாக வேண்டும். மீன்தூள் லாரி இருக்கிற வரைக்கும் எதைக் கொண்டுவந்தாலும் விற்கும். சின்ன மீனை யாரும் வாங்க முடியாது என்று ஏலத்தரையில் நிறுத்தினால் பிடிப்பதும் நிற்கும். கடலில் போய்த் துரத்துவதைவிட அது மலிவு.

27 மே

25ஆம் தேதி கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. 640 கண்டெய்னர். எங்கள் பக்கம் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தடைக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, கடைசிப் பயணம் போகலாமா வேண்டாமா என்று படகுக்காரர்கள் யோசிக்கிறார்கள். பேச்சு வேறு பக்கம் போகிறது, தெரியும்.

3 ஜூன்

மூழ்கிய அந்தக் கப்பலிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் கரையில் ஒதுங்கியிருக்கின்றன. அரிசியைப் போல மணலோடு கலந்து கிடக்கின்றன, பொறுக்கி முடியவில்லை. கரைமடி இழுப்பவர்களின் வலையிலும் வருகின்றன. விசைப்படகு நிற்கிற இந்த மாதம்தான் வள்ளக்காரர்களுக்குச் சம்பாத்தியம். இப்போது மீன் வாங்க ஆள் பயப்படுகிறது. கடலை நிர்வகிப்பது என்றால் மீனவனை நிர்வகிப்பது மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதையும் அதே கணக்கில் சேர்க்கட்டும்.

11 ஜூன்

தூத்தூர் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார், சின்னத்துறைக்காரர். அவசியம் எழுத வேண்டியதுதான்.

இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டம்துறை, நீரோடி. நம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் இவை. இந்த எட்டு ஊர்க்காரர்களைப் போல ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இந்தியாவிலேயே அரிது. தூண்டிலும் செவுள் வலையும் கொண்டு சுறா, சூரை, நெய்மீன் பிடிக்கிறவர்கள். லட்சத்தீவுக்கு அப்பால் வாரக்கணக்கில் கிடப்பார்கள். இந்தியப் பெருங்கடலில் தியாகோ கார்சியா தீவுப் பக்கம் போய் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

படகு பதிவு தமிழ்நாட்டில், மீன் இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். எங்கே இறக்குகிறார்களோ அந்த மாநிலத்தின் கணக்கில்தான் பிடிப்பு ஏறும். ஆக, இத்தனை உழைப்பும் கேரளத்தின் மீன் உற்பத்தியாகப் பதிவாகிறது. நம் மாநிலத்தில் திட்டம் போடுகிறவர் மேஜையில் இவர்கள் பாதிதான் தெரிவார்கள்.

தடை விஷயத்தில் இவர்களுக்கு வந்த சிக்கல் இன்னும் விசித்திரம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மீன்பிடிப்பு மாநிலப் பட்டியல். அதாவது 12 கடல் மைல் வரை. அதற்கு வெளியே ஒன்றியப் பட்டியல். ஒன்றிய அரசு வெளியே 61 நாள் தடை என்கிறது. கேரளம் உள்ளே 52 நாள், ஜூன் 9 நள்ளிரவிலிருந்து. தமிழ்நாடு மேற்கில் ஜூன் 1லிருந்து. ஒரே படகு நீரோடியில் பதிவாகி, கொச்சியில் ஐஸ் ஏற்றி, 200 மைலுக்கு அப்பால் மீன் பிடித்தால் எந்தத் தேதி பொருந்தும்? வெளிமாநிலப் படகுகள் தடைக்கு முன் கேரளத் துறைமுகங்களை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவும் வருஷா வருஷம் வரும்.

இன்னொன்று. அடிமட்டத்தைச் சுரண்டும் இழுவைமடிக்கும், பெரிய மீனை மட்டும் கொக்கியில் எடுக்கும் தூண்டிலுக்கும் ஒரே தடை ஏன் என்று அவர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

12 ஜூன்

மேலே எழுதியதோடு சுறாக் கதையையும் சேர்க்க வேண்டும். நேற்றிரவு படுத்த பிறகும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

2001 ஜூலையில் சுறா, திருக்கை வகை முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டுவிட்டார்கள். புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே அட்டவணை. தூத்தூரில் சுறாவை நம்பிப் படகு கட்டிக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு ஒரே நாளில் தொழில் குற்றமாகிவிட்டது. போராட்டம் வெடித்தது. டிசம்பரில் பட்டியலை 10 இனமாகக் குறைத்தார்கள். அந்தப் பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுறா மெதுவாக வளரும், குறைவாகக் குட்டி போடும், விட்டால் அழிந்துவிடும். ஆனால் தினமும் சுறாவைக் கையால் தொடுகிறவர்களை முதலிலேயே கூப்பிட்டுப் பேசியிருந்தால், எந்த இனம் அருகிப்போகிறது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். ஐந்து மாதம் ஒரு ஊரைத் தெருவில் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. 2015ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு முழுத் தடை வந்தது. விலை விழுந்தது, அப்போதும் கேட்பார் இல்லை.

28 ஜூன்

"61 நாள் தடையால் மீன் பெருகியிருக்கிறதா? ஆதாரம் காட்டுங்கள்." நல்ல கேள்வி, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

சாளையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2012ல் ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021ல் வெறும் 3,297 டன் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. இத்தனைக்கும் இந்தப் பத்து வருஷமும் மழைக்காலத் தடை நடப்பில் இருந்தது. கடல் சூடானதும் எல் நினோவும் காரணம் என்றார்கள், குஞ்சுச் சாளையை வாரி எடுத்ததும் காரணம் என்றார்கள். நம் கரையிலும் அந்த வருஷங்களில் சாளை இல்லாமல் வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பின.

இதை வைத்துத் தடையே வேண்டாம் என்று முடிவு கட்டக்கூடாது. முட்டை போட விடுவது ஒரு பாதி. பிறந்ததை வளர விடுவது மறு பாதி. ஜூன், ஜூலை காத்திருந்துவிட்டு ஆகஸ்ட் முதல் வாரம் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறங்கிக் குஞ்சோடு வாரினால் காத்திருந்த பலன் ஒரு வாரத்தில் போய்விடும்.

இயற்கையை நாம் கட்டுப்படுத்த முடியாது. வலைக்கண்ணைக் கட்டுப்படுத்தலாம்.

15 ஜூலை

சுருக்குமடி பற்றி நாகப்பட்டினம் நண்பருக்கு: மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி எடுக்கும் அந்த வலைக்குத் தமிழ்நாட்டில் 2000லிருந்து தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக, 12 கடல் மைலுக்கு வெளியே, திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, பதிவு செய்த படகுகளுக்கு அனுமதித்தது. குமரியில் எங்களுக்கு இதைவிட, இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடியும் கடலில் பல்பு போட்டு மீன் கூட்டுவதும்தான் பெரிய தலைவலி. பல்பு வெளிச்சத்தை ஒன்றிய அரசு 2017லேயே தடை செய்தது. ராத்திரி கரையில் நின்று பார்த்தால் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

22 ஜூலை

"மீனவர்கள் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பார்கள், கட்டுப்பாடே பிடிக்காது." இந்த வரிக்குப் பதில் எழுதாமல் விட மனசு வரவில்லை.

1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் என்ன நடந்தது என்று இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. தேசிய மீன் தொழிலாளர் பேரவை நாட்டின் இரண்டு கரையிலிருந்தும் பேரணி நடத்திக் குமரிமுனையில் முடித்தது. "நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்" என்பதுதான் முழக்கம். சம்பளமோ மானியமோ அல்ல, தண்ணீர். கடைசி நாளில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதை என் சித்தி இன்றும் சொல்லுவார்.

பிறகு 1991ல் ஆழ்கடல் கொள்கை என்று வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கூட்டு முயற்சி உரிமம் கொடுத்தார்கள். மீனவர் தலைவர் தாமஸ் கோச்சேரி உண்ணாவிரதம் இருந்தார், கரை முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. முராரி குழு போட்டார்கள். 1996ல் அந்தக் குழுவே உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. 2014ல் மீனாகுமாரி குழு அறிக்கையில் 200 மீட்டர் ஆழத்துக்கும் 500 மீட்டருக்கும் நடுவே ஒரு இடைநிலைப் பகுதி என்ற யோசனை வந்தது. சரியாக அந்த ஆழத்தில்தான் நம் தூத்தூர்க்காரர்கள் போன்றவர்கள் தொழில் செய்கிறார்கள். மறுபடி போராட்டம். வெளிநாட்டுக் கப்பல்களுக்கான அனுமதிக் கடிதத் திட்டம் 2017ல் கைவிடப்பட்டது.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடலை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்று முதலில் கேட்டது யார்?

2 ஆகஸ்ட்

தடை முடிந்தது. முந்தாநாள் நள்ளிரவில் கிளம்பிய படகுகளில் சில இன்று திரும்பிவிட்டன. கணவாய் நன்றாக இருக்கிறது, கரிக்காடி இறாலும். கிளிமீன் பெட்டிகளைப் பார்த்தேன், பெரும்பாலும் நல்ல அளவு. ஒரு படகில் மட்டும் பழைய கதை, லாரி வந்தது. மீன் எடுக்கும் அக்கா விடிவதற்கு முன்பே கூடையோடு வந்து நின்றார்.

14 செப்டம்பர்

தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடம் அது. மணல் மேடிட்டு, மழைக்காலத்தில் அலை உடைந்து, உள்ளே வரும்போதே படகு கவிழ்ந்து இறந்தவர்கள் எத்தனையோ பேர். வெளியே ஆழ்கடலில் புயலைச் சமாளித்துவிட்டு வந்தவன் வீட்டு வாசலில் சாகிறான். தூர்வாருவது, தடுப்புச் சுவரை நீட்டுவது என்று வருஷா வருஷம் பேச்சு. மீன்வளத் திட்டத்தில் கோடிகள் அறிவிக்கும்போது எனக்கு இந்த வாயில்தான் கண்ணில் நிற்கும்.

20 செப்டம்பர்

வெட்ஜ் பேங்க் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. குமரிமுனைக்குத் தெற்கே உள்ள மேட்டுநிலக் கடல். நீரோட்டங்கள் சேருகிற இடம், மீன் வளம் கொழிக்கும். 1976ல் இலங்கையுடன் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரியது. குமரிக்குத் தெற்கே 27,154 சதுர கிலோமீட்டரில் எண்ணெய், எரிவாயு தேடும் ஏலம் வந்ததிலிருந்து கரையில் எல்லோருக்கும் கலக்கம். எங்களை 61 நாள் நிறுத்தி முட்டையிட விடச் சொல்கிற அதே அரசு, அந்த முட்டையும் குஞ்சும் மிதக்கிற தண்ணீரில் துளை போடுவதைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

9 நவம்பர்

புது விதிகள் வந்துவிட்டன. நவம்பர் 4ஆம் தேதி ஒன்றிய அரசு தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது 12 மைலுக்கு வெளியே 200 மைல் வரையுள்ள கடலில், மீன்பிடிப்பதற்கான விதிகளை வெளியிட்டிருக்கிறது. விசைப்படகுகள் 12 மைலுக்கு வெளியே போக அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், இணையத்தில், கட்டணம் இல்லை. பாரம்பரியச் சிறு படகுகளுக்கு விலக்கு. பல்பு வெளிச்சத்துக்கும் இரட்டைமடிக்கும் தடை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்றும், நடுக்கடலில் மீனை வாங்கிக்கொள்ளும் தாய்க்கப்பல் என்றும் இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பலுக்கு இடமில்லை என்கிறார்கள். மூன்று போராட்டத் தலைமுறை கேட்டது அதில் கொஞ்சம் இருக்கிறது, அதை மனதாரச் சொல்ல வேண்டும்.

தாய்க்கப்பல்தான் எனக்கு உறுத்துகிறது. மீன் கடலிலேயே கை மாறினால் ஏலத்தரைக்கு வருவது குறையும். ஏலத்தரையில் கூடையோடு நிற்கிற பெண்களுக்கு அதில் என்ன இடம்? விலை சொல்லப்போவது யார்? எங்கள் கரையில் சங்கங்கள் வந்த பிறகுதான் தரகரின் பிடி தளர்ந்தது, மீனவன் கண் முன்னால் விலை கூவ ஆரம்பித்தார்கள். அது நடுக்கடலில் நடக்குமா?

11 நவம்பர்

சின்னத்துறைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அண்ணே, எங்க போட்டுக்கு அனுமதிச்சீட்டு எடுக்கணும். வேற எதுவும் கவனிக்கணுமா?"

ஒன்று இருக்கிறது தம்பி. ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு வாரக்கணக்கில், எத்தனை பேரைக் காணவில்லை என்பதே சண்டையாக இருந்தது. அரசு ஒரு எண் சொன்னது, பங்குச் சாமியார்கள் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலில் வேறு எண் இருந்தது. படகு முதலாளி பெயர் எல்லாக் காகிதத்திலும் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே ஆள் இல்லை.

அனுமதிச்சீட்டில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்பும் முன் யார் யார் ஏறுகிறார்கள், எந்த ஊர், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவி வேலை செய்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் சங்கத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு மீன்வளத் துறைக்கும் அனுப்புங்கள். எங்கள் சங்கத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் வைக்கிறேன். குறைந்தபட்ச நீளத்தை நம் மாவட்ட ஏலத்தரைகளில் நாமே அமல்படுத்துவது என்பதையும் சேர்த்தே வைக்கப்போகிறேன். இரண்டிலும் யார் வருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.